வீட்டு ரயில் லேஅவுட்டுக்கு நாமே கட்டடம் கட்டுவது: எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது

கேள்வி சுருக்கமாக இது: வீட்டில் எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, ஒரு மாதிரி ரயில் லேஅவுட் (பலகையில் அமைத்த தண்டவாளமும் ஊரும்) இருக்கிறது. தண்டவாளம் போட்டாயிற்று, வண்டியும் ஓடுகிறது. எட்டு வயதில் ஒன்று, பதின்மூன்று வயதில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள். கிட்டாக, அதாவது வெட்டிய பாகங்களாக, விற்கும் கட்டடங்களை ஒட்டி வைத்தால் எல்லார் லேஅவுட்டும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்டேஷன், சரக்குக் கொட்டகை, பாலம் இவற்றையெல்லாம் அளந்து வெட்டி நாங்களே கட்ட முடியுமா? எதில் தொடங்குவது?

முடியும். குடும்பமாகச் சேர்ந்து செய்வதற்கு இந்தப் பொழுதுபோக்கில் இதைவிட நல்ல பகுதி இல்லை என்றே சொல்வேன். வயரிங் செய்யும்போது ஒருவர் கை வேலை செய்யும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டடம் கட்டும்போது ஒரே மேஜையைச் சுற்றி எல்லாருக்கும் வேலை இருக்கும். ஆனால் நல்ல அட்டை, செங்கல் வரி போட்ட ஷீட் எல்லாம் வாங்கி வந்து முதல் நாளே சுவர் வெட்ட உட்காராதீர்கள். முதலில் வீட்டில் கிடக்கும் காலி அட்டைப் பெட்டிகளை வெட்டி, டேப் ஒட்டி, லேஅவுட்டில் வரப்போகும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு டம்மி செய்து வையுங்கள். ஒரு கட்டடம் லேஅவுட்டில் பொருந்துகிறதா இல்லையா என்பதை முக்கால்வாசி அதன் அளவும் அது உட்கார்ந்திருக்கும் இடமுமே முடிவு செய்துவிடுகின்றன. அந்த இரண்டையும் செலவில்லாமல் மாற்றிப் பார்க்கக்கூடிய ஒரே கட்டம் டம்மிதான்.

அதற்கு முன் கணக்கு. எச்.ஓ. என்பது 1:87. நிஜத்தில் ஓர் அடி இங்கே 3.5 மி.மீ. நிஜ அளவை மில்லிமீட்டரில் எழுதி 87-ஆல் வகுத்தால் போதும். 2 மீட்டர் உயரக் கதவு 23 மி.மீ. வரும். 3 மீட்டர் உயரமுள்ள ஒரு மாடி 34.5 மி.மீ. 1.7 மீட்டர் உயர ஆள் 19.5 மி.மீ. கலவையோடு சேர்த்து 75 மி.மீ. உயரம் வரும் ஒரு செங்கல் வரிசை வெறும் 0.86 மி.மீ. உங்கள் தண்டவாளத்தின் 16.5 மி.மீ. அகலமும் இதே கணக்கில் வந்ததுதான்: 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜை, அதாவது இரண்டு தண்டவாளக் கம்பிகளுக்கு இடையிலுள்ள நிஜ தூரத்தை, 87-ஆல் வகுத்தால் அது கிடைக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஓ.ஓ. என்கிற 1:76 அளவு வண்டிகளும் இதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. அதனால் இரண்டு அளவிலும் உள்ள சாமான்கள் ஒரே பெட்டியில் கலந்துவிடும். 1:76-இல் அதே கதவு 26 மி.மீ. தனியாகப் பார்த்தால் தெரியாது; இரண்டு கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உடனே கண்ணை உறுத்தும். பெரிய பிள்ளைக்கு முதல் வேலையாக ஒன்று கொடுங்கள்: கெட்டியான ஓர் அட்டைப் பட்டையில் 11.5 மி.மீ.-க்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 மீட்டர், 2 மீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். அதுதான் இனி உங்கள் வீட்டு அளவுகோல். அது கையில் வந்துவிட்டால் கால்குலேட்டர் அதிகம் தேவைப்படாது. சின்னப் பிள்ளையும் "இந்தக் கதவு மூணு மீட்டர் இருக்கு, ரொம்பப் பெரிசு" என்று சொல்ல ஆரம்பித்துவிடும்.

இனி டம்மி. நான்கு சுவர், ஒரு கூரை, அவ்வளவுதான். ஜன்னல் கதவுகளைப் பேனாவால் வரைந்தால் போதும். ஆனால் கதவை மட்டும் சரியான உயரத்தில் வரையுங்கள், ஏனென்றால் கட்டடத்தின் மற்ற அளவுகளையெல்லாம் நம் கண் கதவை வைத்துத்தான் எடை போடுகிறது. லேஅவுட்டில் வைத்துவிட்டுச் சில நாள் வண்டி ஓட்டுங்கள். நின்று பாருங்கள், பிறகு உட்கார்ந்து பாருங்கள், குறிப்பாக எட்டு வயதுப் பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். எந்தக் கட்டடம் வண்டியை மறைக்கிறது, எது அழகாக மறைத்து மறுபடி காட்டுகிறது, எங்கே கை போகாது என்பதெல்லாம் தானாகத் தெரியவரும். சில டம்மிகளை அரை அங்குலம் நகர்த்தினாலே போதும். சிலவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்ய வேண்டியிருக்கும். அட்டைப் பெட்டிதானே, யாருக்கும் மனம் வலிக்காது. மூன்று நான்கு கட்டடங்களை மொத்தமாக வைத்துப் பார்ப்பது முக்கியம். கூரைகளின் உயரம் ஒன்றுபோல் இருந்தால் ஊர் தட்டையாகத் தெரியும். ஒரு தண்ணீர்த் தொட்டியோ புகைபோக்கியோ இரண்டு மடங்கு உயரத்தில் எழுந்து நின்றால் அந்த இடத்துக்கே உயிர் வந்துவிடும்.

டம்மி நிற்கும்போதே இடைவெளியையும் சோதித்துவிடுங்கள். வளைவில் நீளமான பெட்டி போகும்போது அதன் நடுப்பகுதி வளைவின் உள்பக்கம் தள்ளி வரும், இரண்டு முனைகளும் வெளிப்பக்கம் நீட்டும். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு: இரண்டு போகிகளின் (பெட்டிக்கு அடியில் இரு முனையிலும் உள்ள சக்கரத் தொகுதிகளின்) மையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அதே தூரத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தைப்போல் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். போகி மையங்களுக்கு நடுவே 200 மி.மீ., வளைவின் ஆரம் 450 மி.மீ. என்றால் பெட்டி உள்பக்கம் 11 மி.மீ. தள்ளும். பெட்டியின் பாதி அகலம் ஒரு 17 மி.மீ. இரண்டையும் கூட்டினால் தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து 28 மி.மீ. வரை பெட்டி தொடும். அதற்கு மேல் இன்னும் சில மில்லிமீட்டர் விட்டுத்தான் சுவர் வரவேண்டும். கணக்கு பிடிக்காதவர்கள் இருப்பதிலேயே நீளமான பெட்டியின் நடுவில் ஒரு பென்சிலையும் முனையில் இன்னொன்றையும் டேப் போட்டு ஒட்டி, கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போங்கள். பலகையில் அது கிழிக்கும் கோட்டுக்கு உள்ளே எதையும் கட்டக்கூடாது.

அடுத்தது சுருக்குவது. நிஜத்தில் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு நடுத்தர ஸ்டேஷன் கட்டடம் எச்.ஓ.-வில் 69 செ.மீ. பிடிக்கும். வீட்டு லேஅவுட்டில் அத்தனை இடம் கிடையாது. அப்போது எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சின்னதாக்கினால் ஆள் நுழைய முடியாத பொம்மைக் கட்டடம்தான் வரும். கதவு, ஜன்னல், மாடி உயரம், கூரைச் சரிவு நான்கையும் தொடக்கூடாது. எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஒன்பது ஜன்னல் உள்ள சுவரில் ஐந்து வையுங்கள். ஆனால் நிஜக் கட்டடத்தில் நடுவில் வாசலும் இருபுறமும் சமமாக ஜன்னல்களும் இருந்தால் அந்த அமைப்பு அப்படியே இருக்கட்டும். பார்க்கிறவர் ஜன்னலை எண்ணுவதில்லை, கட்டடத்தின் முகத்தைத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறார்.

நிஜக் கட்டடத்தைப் பார்த்துக் கட்டுவதானால் அளவு எடுப்பதற்கு ஏணியும் டேப்பும் எல்லா நேரத்திலும் வேண்டியதில்லை. சுவருக்கு நேர் எதிரே, முடிந்தவரை தள்ளி நின்று, ஜூம் போட்டுப் படம் எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் சுவர் மேலே போகப் போகக் குறுகித் தெரியும், அளவு தப்பும். செங்கல் சுவர் என்றால் அதுவே அளவுகோல்: கீழே பத்து வரிசையின் உயரத்தை அளந்துகொண்டால் போதும், மிச்சத்தை வீட்டுக்கு வந்து படத்தில் வரிசைகளை எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம். பூசிய சுவர் என்றால் படத்தில் வருகிற மாதிரி பக்கத்தில் உயரம் தெரிந்த ஓர் ஆளை நிறுத்துங்கள். வரிசை எண்ணும் வேலையைச் சின்னப் பிள்ளையிடம் கொடுக்கலாம், பெரியவர்களைவிடப் பொறுமையாகச் செய்யும். எல்லாவற்றையும் கிராஃப் தாளில், கட்டப்போகும் மாதிரியின் அளவிலேயே வரையுங்கள். அந்தத் தாளை அப்படியே அட்டையில் ஒட்டி வெட்டலாம்.

பொருள் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: குடும்பமாகத் தொடங்குகிறவர்களுக்கு அட்டைதான். பலர் அட்டையைப் பள்ளிக்கூட வேலை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் என்ற ஊரில் பெண்டன் மியூசியம் இருக்கிறது. ராய் இங்லண்ட் என்பவர், சுற்று வட்டாரக் கிராமத்துப் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்து, அவற்றை அளந்து பதிவு செய்து மாதிரியாகக் கட்டி வைக்க 1930-களில் தொடங்கிய முயற்சியின் விளைவு அது. அங்கே இருக்கும் குடிசைகளின் சுவர்கள் அட்டையில் செய்து நீர்வண்ணம் தீட்டியவை. இன்றுவரை அந்தத் தரத்தை எட்டியவர்கள் குறைவு. ஜான் ஏஹர்ன் கட்டிய மேடர் வேலி லேஅவுட்டும் இப்போது அங்கேதான் இருக்கிறது. வண்டிக்குச் சமமாக ஊருக்கும் கட்டடத்துக்கும் இடம் கொடுத்த முன்னோடி வேலை அது.

சுவருக்கு 1.5 மி.மீ. கனமுள்ள அடர்த்தியான அட்டை, மேல்படலத்துக்கு 0.8 மி.மீ. வரையுள்ள மெல்லிய அட்டை, இந்த இரண்டு போதும். அட்டைக்கு எதிரி ஈரம். வெள்ளைப் பசையை அள்ளிப் பூசினால் சுவர் வளைந்துவிடும். மெல்லியதாகத் தடவி, காயும்வரை கனமான புத்தகங்களுக்கு அடியில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் வண்ணம் அடித்தால் மறுபக்கமும் ஒரு பூச்சு கொடுங்கள், அப்போது இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொள்ளும். அட்டைக்கு நார் ஓட்டம் உண்டு, ஒரு திசையில் சுலபமாக வளையும், மறுதிசையில் முரண்டு பிடிக்கும். நீளமான சுவரை வெட்டும்போது நார் நீளவாக்கில் ஓடுகிற மாதிரி வையுங்கள். உள்ளே ஐந்தாறு செ.மீ.-க்கு ஒரு குறுக்குச் சுவர் ஒட்டிவிட்டால் பல வருஷம் நேராக நிற்கும்.

பிளாஸ்டிக் ஷீட், அதாவது ஸ்டைரீன், அடுத்த கட்டம். பாலத்து கர்டர் (இரும்பு உத்தரம்), குழாய், படிக்கட்டு, கைப்பிடி போன்ற மெல்லிய, கூரான வேலைகளுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. கத்தியால் ஒரு கீறல் போட்டு வளைத்தால் நேராக உடையும். இணைப்பில் தூரிகையால் திரவ சிமென்ட்டைத் தொட்டால் தானாக உள்ளே ஓடிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தத் திரவத்தின் ஆவி நல்லதல்ல. ஜன்னலைத் திறந்துவைத்துப் பெரியவர்கள் மட்டும் கையாளுங்கள். இரண்டு பெரிய ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும்போது உள்பக்க ஷீட்டில் அங்கங்கே துளை போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட ஆவி நாளாக நாளாகச் சுவரை வளைத்துவிடும். 5 மி.மீ. ஃபோம் போர்டு வீட்டுச் சுவருக்குச் சரிப்படாது. கணக்குப் போட்டால் அது 43 செ.மீ. கனமுள்ள சுவர். பாலத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் உள் எலும்பாக அது அருமை.

வெட்டுவதற்கு இரும்பு ஸ்கேல், புது பிளேடு, கட்டிங் மேட், ஒரு சின்ன மூலைமட்டம் வேண்டும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் நாலைந்து தடவை லேசாக இழுங்கள். ஜன்னல் திறப்புகளை முதலில் வெட்டிவிட்டு, சுவரின் வெளி ஓரத்தைக் கடைசியில் வெட்டுங்கள். சுற்றிலும் அட்டை இருக்கும்வரை பிடித்துக்கொள்ள இடமும் இருக்கும், மெல்லிய பகுதிகள் கிழியவும் செய்யாது. ஒவ்வொரு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி வெட்டினால் மூலை தாண்டிக் கீறல் விழாது. மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும், அதனால் தயங்காமல் மாற்றுங்கள். பழைய பிளேடுகளை மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய அட்டையில் பழக்கலாம். எட்டு வயதுக்குக் கத்தரிக்கோல் வேலை மட்டும்.

இப்போது நான் அதிகம் அக்கறைப்படும் விஷயத்துக்கு வருகிறேன்: ஆழம். வீட்டில் கட்டிய மாதிரியைத் தட்டையாகக் காட்டுவது பெரும்பாலும் ஜன்னல்தான். நிஜச் சுவரில் ஜன்னல் சட்டம் சுவரின் முகத்தைவிட ஏழெட்டு செ.மீ. உள்ளே தள்ளித்தான் இருக்கும். அந்தப் பள்ளத்தில் விழும் நிழல் இல்லாவிட்டால், எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் ஜன்னல் படம் மாதிரிதான் தெரியும். அதனால் சுவரை இரண்டு படலமாகக் கட்டுங்கள். வெளிப்படலம் 0.8 மி.மீ. வரை இருக்கட்டும், அதில்தான் செங்கல் முகம் வரும், திறப்பு சரியான ஜன்னல் அளவில் இருக்க வேண்டும். உள்படலம் 1.5 மி.மீ. அட்டை, அதில் அதே இடத்தில் திறப்பை எல்லாப் பக்கமும் 2 மி.மீ. பெரிதாக வெட்டுங்கள். இரண்டையும் ஒட்டினால் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு சின்ன மாடம் கிடைக்கும். சுவருக்கு வண்ணமெல்லாம் அடித்து முடித்த பிறகு ஜன்னலைப் பின்னாலிருந்து அந்த மாடத்தில் வைத்து ஒட்டினால் வேலை முடிந்தது. சட்டத்தில் சிவப்பு வழியாது, கண்ணாடியில் பசை படாது, 0.8 மி.மீ. பள்ளம் நிஜத்தின் 7 செ.மீ.-க்குச் சமமாக நிற்கும்.

ஜன்னலை இப்படிச் செய்வேன்: வெள்ளை ஒட்டுத்தாள் லேபிளுக்கு முதலிலேயே வேண்டிய நிறம் அடித்து, காய்ந்ததும் அரை மில்லிமீட்டர் பட்டைகளாக வெட்டி, கோடு போட்ட தாளின் மேல் வைத்த தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டில் ஒவ்வொன்றாக ஒட்டுவது. அடியில் தெரியும் கோடு வழிகாட்டும். அரை மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் நாலு செ.மீ. சட்டம், பொருத்தமாக இருக்கும். வெளிச்சட்டத்தைக் கொஞ்சம் அகலமாக இன்னொரு அடுக்காக ஒட்டினால் இன்னும் நன்றாக வரும். கண்ணாடி ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி பட்டு பிளாஸ்டிக் வெள்ளையாகப் பனி படர்ந்துவிடும். வெள்ளைப் பசையே போதும். ஜன்னலுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒரு துணியோ தாளோ திரைச்சீலையாகத் தொங்கட்டும். எல்லா ஜன்னலிலும் ஒரே மாதிரி வேண்டாம். ஒன்று பாதி மூடியது, ஒன்று வெறுமையானது என்று மாறி மாறி இருக்கட்டும்.

செங்கலுக்கு மூன்று வழிகள். அச்சடித்த தாள், செங்கல் வரி அழுத்திப் பதித்த எம்பாஸ் ஷீட், அல்லது நாமே கூரான ஊசியால் கோடு கிழிப்பது. முதல் கட்டடங்களுக்குத் தாள் போதும். ஆனால் மூலையில் தாளைச் சுற்றி மடித்து ஒட்டுங்கள், வெள்ளை ஓரம் தெரிந்தால் அதே நிறப் பென்சிலால் தேய்த்துவிடுங்கள். எம்பாஸ் ஷீட் என்றால் முதலில் மங்கலான செங்கல் நிறத்தை முழுக்க அடித்து, காய்ந்ததும் தண்ணியாகக் கலக்கிய வெளிர் சாம்பலை மேலே ஓடவிட்டு, ஈரத் துணியால் மேல்பரப்பை மட்டும் துடைக்க வேண்டும். சாம்பல் வரிகளில் தங்கிக் கலவைக் கோடு ஆகிவிடும். அப்புறம் வண்ணப் பென்சில். ஒரு செங்கல் 2.6 மி.மீ. நீளம்தான்; அங்கங்கே சிலவற்றைக் கருஞ்சிவப்பாகவும் சிலவற்றை மஞ்சள் கலந்தும் தீட்ட வேண்டும். இந்த வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் கை ஓரிடத்தில் கூட்டமாகவும் இன்னோரிடத்தில் அரிதாகவும் தீட்டும், பெரியவர்கள் வலிந்து ஒழுங்கு செய்வதைவிட அதுதான் நிஜச் சுவர் போல் இருக்கிறது.

கூரைக்கு நேரம் ஒதுக்குங்கள். நிஜத்தில் நாம் கட்டடத்தைக் கீழிருந்து பார்க்கிறோம், லேஅவுட்டில் மேலிருந்து பார்க்கிறோம். அதனால் சுவரைவிடக் கூரைதான் அதிகம் கண்ணில் படும். முதலில் ஓரம். 1.5 மி.மீ. அட்டைக் கூரையின் ஓரம் நிஜத்தில் 13 செ.மீ. கனம், அப்படி ஒரு தடித்த கூரை எங்கும் இல்லை. ஒன்று கூரைக்கு மெல்லிய அட்டை போட்டு அடியில் முட்டுக் கொடுங்கள், அல்லது ஓரத்தின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் சாய்வாகத் தேயுங்கள். ஸ்லேட் கூரைக்குக் கனமான காகிதத்தைப் பட்டையாக வெட்டி, ஒரு பக்கம் பாதி ஆழத்துக்குச் சீராக வெட்டுப் போட்டு, கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வர வேண்டும். ஒரு பட்டை வெளியே தெரியும் அளவு ஏறக்குறைய 2.3 மி.மீ., அதாவது நிஜத்தில் 20 செ.மீ. ஒரு வரிசையின் வெட்டு அடுத்த வரிசையின் ஸ்லேட்டுக்கு நடுவே வரும்படி தள்ளி ஒட்டுங்கள். சின்ன ஓட்டுக்கு வரிசை இன்னும் நெருக்கமாக வர வேண்டும், ஆனால் கைக்கு அடங்காது, 2 மி.மீ.-லேயே ஒட்டிவிடலாம், கண் ஏற்றுக்கொள்ளும். கடைசியில் முகட்டில் ஒரு மடித்த பட்டை. மெல்லிய தகரக் கூரை வேண்டுமென்றால் அலுமினியத் தாளை நுண் வரியுள்ள எதன்மீதாவது வைத்துத் தேய்த்தால் நெளி விழும்.

வண்ணம் அடிக்கும்போது சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்கும் எந்தக் கட்டடமும் காற்றில் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். மாதிரியை நாம் பார்ப்பது அந்தத் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். கறுப்புக்குப் பதில் அடர்ந்த சாம்பல், வெள்ளைக்குப் பதில் இளங்கிரீம். எல்லாமே பளபளப்பில்லாத மேட் வண்ணமாக இருக்கட்டும். அழுக்கு ஏற்றுவது தனிக் கலை, நிறையப் பேர் அளவு மீறுகிறார்கள். தண்ணீர் எங்கே வழியும், புகை எங்கே படும், கால் எங்கே மிதிக்கும் என்ற மூன்று கேள்விக்குப் பதில் கிடைக்கும் இடத்தில் மட்டும் சாக்பீஸ் பொடியைத் தொட்டுத் தேயுங்கள், மற்ற இடங்களை விட்டுவிடுங்கள்.

கட்டடம் தரையில் உட்காருவதும் முக்கியம். சுவருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி தெரிந்தாலும் கட்டடம் வைக்கப்பட்ட பொருளாகத் தெரியும், கட்டப்பட்டதாகத் தெரியாது. சுவரை 3 மி.மீ. கூடுதலாக வெட்டி, தரையில் அதே வடிவில் ஒரு பள்ளம் விட்டு, அதற்குள் இறக்கி வையுங்கள். ஒட்ட வேண்டாம். துடைக்கவும் பழுது பார்க்கவும் விளக்கு மாற்றவும் எடுக்க வேண்டியிருக்கும், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் அதிகமாகவே. விளக்கு போடுவதானால் உள்சுவரை முதலில் கறுப்பாக அடியுங்கள், இல்லாவிட்டால் அட்டையே ஒளிரும். 12 வோல்ட் டி.சி.-யில் ஒரு வெள்ளை எல்.ஈ.டி.-க்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும்: விளக்கு 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 9 வோல்ட்டில் 9 மில்லி ஆம்பியர் ஓடும். வீட்டு ஜன்னலுக்கு அதுவே அதிக வெளிச்சம், இன்னும் பெரிய ரெசிஸ்டர் போட்டுக் குறைத்தால் அழகு. இளமஞ்சள் எல்.ஈ.டி. வாங்குங்கள், நீலம் கலந்த வெள்ளை வேண்டாம்.

பாலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டைப் போல அல்லாமல் பாலம் நிஜமாகவே எடை தாங்க வேண்டும். ஆகவே தண்டவாளம் ஓடும் தளத்தை ஒரே துண்டு பிளைவுட்டில் இடைவெட்டில்லாமல் போட்டுவிட்டு, பாலத்தை அதன் இருபுறமும் அடியிலும் உடையாகப் போர்த்துங்கள். வளைவுப் பாலம் என்றால் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் வெட்டினால் வளைவுகள் ஒன்றுபோல் அமையும். அடிவளைவுக்கு மெல்லிய அட்டையை மேஜை ஓரத்தில் இழுத்து உருட்டி, நார் வளையும் திசையில் பொருத்துங்கள். தூண்கள் மெலிந்திருந்தால் பாலம் பயமுறுத்தும். மேலே இருப்பதைவிடக் கீழே சற்றே பருத்திருக்கட்டும். இரும்பு கர்டருக்கு ஸ்டைரீன் பட்டைகள். மெல்லிய ஷீட்டின் பின்பக்கம் மழுங்கிய ஊசியால் சீரான இடைவெளியில் அழுத்தினால் முன்பக்கம் ரிவெட் புடைத்து வரும். பாலத்துக்கு அடியிலும் ஒரு பாதை ஓடுமானால் உங்களிடம் உள்ள உயரமான வண்டியை நிறுத்தி, அதற்கு மேல் தாராளமாக இடம் விடுங்கள். தடம் புரண்ட பெட்டியை எடுக்கக் கை நுழைய வேண்டும்.

அறைச் சுவரை ஒட்டி நிற்கும் பின்வரிசைக்கு முழுக் கட்டடம் கட்டாதீர்கள். முன்முகமும் 2 செ.மீ. ஆழமும் இருந்தால் போதும், கூரையின் முன்சரிவு மட்டும் வைத்துப் பின்னால் வெட்டிவிடலாம். இன்னும் தூரம் காட்ட விரும்பினால் கடைசி வரிசைக் கட்டடங்களை 1:120 அல்லது 1:160 அளவில் கட்டலாம். கலிஃபோர்னியாவில் மான்டெரேயில் ஜான் ஆலன் கட்டிய லேஅவுட் இந்த மாதிரி தூர மயக்கத்துக்குப் பேர் போனது. அவர் கண்ணாடிகளையும் சேர்த்து வைத்து இடத்தைப் பெருக்கிக் காட்டினார். ஒரு நிபந்தனை: சின்ன அளவுக் கட்டடத்துக்குப் பக்கத்தில் எச்.ஓ. ஆள் பொம்மையோ காரோ வரவே கூடாது. பிள்ளைகள் நிச்சயம் கொண்டுபோய் வைப்பார்கள், ஆகவே கைக்கு எட்டாத ஆழத்தில் கட்டுங்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்வதில் நான் சொல்வது: ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி வேலை என்று மட்டும் வைக்காமல், ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டடம் சொந்தமாக இருக்கட்டும். சின்னப் பிள்ளையின் கட்டடம் கோணலாக இருந்தாலும் பின்னால் தள்ளாதீர்கள், முன்வரிசையில் வையுங்கள். அதற்கு ஏற்ற முதல் கட்டடம் தண்டவாளப் பணியாளர் குடில். நிஜத்தில் 3 மீட்டருக்கு 2.4 மீட்டர், நம் கணக்கில் 34.5-க்கு 27.5 மி.மீ. ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு புகைபோக்கி. மேலே சொன்ன எல்லா வேலையும் இதில் ஒரு தடவை வந்துவிடும், ஒன்றும் அலுக்காது. பெரிய பிள்ளைக்கு சிக்னல் கேபின் கொடுக்கலாம். அதில் ஜன்னல் வேலை நிறைய, கை நன்றாகப் பழகிவிடும். அதற்கு அடுத்து எல்லாரும் சேர்ந்து சரக்குக் கொட்டகை. பெரிய கதவு, எளிய கூரை, ஜன்னல் குறைவு.

ஸ்டேஷனைக் கடைசிக்கு வையுங்கள். அதுவரை டம்மியே ஸ்டேஷனாக நிற்கட்டும். கட்டும்போது நடுப்பகுதி, இரண்டு சிறகுகள் என்று மூன்று தனிப் பெட்டிகளாகக் கட்டி ஒன்றுசேருங்கள். நீளச் சுவர் வளையாது, மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். பிளாட்பார உயரத்தை நீங்கள் எடுத்துக்கொண்ட நாட்டு ரயிலின்படி வையுங்கள். ஐரோப்பாவில் பரவலாக உள்ள 550 மி.மீ., 760 மி.மீ. இரண்டும் எச்.ஓ.-வில் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 6.3 மி.மீ., 8.7 மி.மீ. வரும். தண்டவாளத்துக்கு அடியில் பதித்துள்ள கார்க்கின் உயரத்தையும் குறுக்குக் கட்டையின் உயரத்தையும் சேர்க்க மறந்தால் பிளாட்பாரம் குழிக்குள் போய்விடும். கூடியவரை நேரான தண்டவாளத்தில் போடுங்கள். வளைவின் உள்பக்கம் போட்டால் அந்த 11 மி.மீ. கணக்கு இங்கேயும் வந்து நிற்கும், பெட்டியின் முனையில் உள்ள கதவுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே நிஜத்தில் ஒரு மீட்டருக்குக் குறையாத பள்ளம் விழும். ஓரக் கல்லை ஒட்டுவதற்கு முன் உங்களிடம் உள்ள எல்லா வண்டியையும், படிக்கட்டு நீட்டிக்கொண்டிருக்கும் இன்ஜினையும் சேர்த்து, இரண்டு திசையிலும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.